கேரவனின் மின்பெட்டி இரைச்சல்: ஒலியைப் பிரித்தறிந்து பழுது நீக்கிய பதிவு

கேரவன், மோட்டார் ஹோம் போன்ற வீட்டு வண்டிகளில் மின்சாதனங்களைப் பெரும்பாலும் கட்டிலுக்கடியிலோ இருக்கைப் பெட்டிக்குள்ளோதான் பொருத்துகிறார்கள். இதனால் பகலில் காதில் விழாத சத்தமெல்லாம் விளக்கை அணைத்துப் படுத்ததும் தலைமாட்டிலேயே கேட்கத் தொடங்கிவிடும். எங்கள் வண்டியில் அந்தச் சத்தம் சிறிது சிறிதாக வளர்ந்து, வெளி மின் இணைப்பைச் செருகிய இரவுகளில் தூக்கத்தையே கெடுக்கும் அளவுக்கு வந்த பிறகு, அதைச் சரிசெய்ய எடுத்த முயற்சியின் பதிவு இது. வெளி மின்சாரத்தை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரை மாற்றிவிட்டால் போதும் என்பதுதான் கேட்டவர்கள் எல்லோரும் தந்த ஆலோசனை. ஆனால் கன்வெர்ட்டரில் உண்மையில் கெட்டுப்போயிருந்தது ஒரு சின்ன விசிறி மட்டுமே. அதை ஓய்வின்றி ஓடவைத்த காரணம் வேறோர் இடத்தில் இருந்தது.

வண்டியின் மின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் 230 வோல்ட் இணைப்பு, கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.டி.யையும் பிரேக்கர்களையும் கடந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை 45 ஆம்பியர் கன்வெர்ட்டருக்குப் போய், 12 வோல்ட் விளக்குகளையும் தண்ணீர் மோட்டாரையும் இயக்குவதோடு பேட்டரிகளையும் சார்ஜ் செய்கிறது. மற்றொரு கிளை டிரான்ஸ்ஃபர் ரிலே பெட்டிக்குப் போகிறது. வெளி மின்சாரம் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் 1500 வாட் இன்வெர்ட்டரின் மின்சாரத்தையும் சாக்கெட்டுகளுக்குத் திருப்பிவிடுவது அந்தப் பெட்டியின் வேலை. 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள இரண்டு லெட்-ஆசிட் பேட்டரிகள் இணையாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. கன்வெர்ட்டர் எப்போதும் ரிலேவுக்கு முந்தைய பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிந்தைய பக்கத்தில் இருந்தால், பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் எடுக்கும் மின்சாரம் அதே பேட்டரியைச் சார்ஜ் செய்யப் போய், வழியெல்லாம் வெப்பமாகி வீணாகும்.

எதையும் திறப்பதற்கு முன் செய்த வேலை, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்து எந்தச் சத்தம் எதனோடு நிற்கிறது என்று குறித்துக்கொண்டதுதான். கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைத்ததும் விசிறியின் இரைச்சலும் அதோடு கலந்திருந்த ஒரு கடகடப்பும் நின்றன. ஆனால் அடித்தொண்டையில் முனகுவது போன்ற ஓர் உறுமல் அப்படியே இருந்தது. வெளி இணைப்பின் பிளக்கைப் பிடுங்கினால்தான் அது அடங்கியது. வெளி இணைப்பே இல்லாமல் இன்வெர்ட்டரில் ஓடும்போது, மேசை விசிறி ஒரு கரகரப்போடு சுழன்றது. கைப்பேசியில் ஒலி அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை நிறுவிப் பார்த்ததில், அந்த உறுமல் 100 ஹெர்ட்ஸில் செங்குத்தாக நின்றது. இந்த எண் முக்கியமானது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரும்புக் கோர் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒரு முறை காந்தமாகி இழுபடுவதால், அதன் ஒலி எப்போதும் இரண்டு மடங்கான 100 ஹெர்ட்ஸில் வரும். 60 ஹெர்ட்ஸ் வழங்கப்படும் நாடுகளில் அது 120 ஹெர்ட்ஸாக இருக்கும். ஆகவே அந்த எண்ணில் ஒரு சத்தம் வருமானால், அது டிரான்ஸ்ஃபார்மராகவோ ரிலேயின் காந்தமாகவோதான் இருக்கும் என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். இடத்தைத் துல்லியமாக அறிய, ஒரு பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டிகளின் வெளிப்புறத்தில் நகர்த்திக் கேட்டேன். நீளமான ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்கும் பழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. மின்பெட்டிகளுக்கு அது வேண்டாம்.

ஒழுங்கற்ற சுர்சுர் ஒலியோ பொரிவது போன்ற சத்தமோ, பிளாஸ்டிக் கருகும் வாடையோ வந்தால், இப்படி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அது தளர்ந்த இணைப்பில் பொறி பறப்பதன் அடையாளம். உடனே வெளி இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

கன்வெர்ட்டரின் விசிறி ஓடுவது தன்னளவில் பழுதன்று. உள்ளே வெப்பமோ சுமையோ கூடும்போது ஓடி, குறைந்ததும் நிற்கும்படியே அதை அமைக்கிறார்கள். பேட்டரி காலியாக இருக்கும்போது சில மணி நேரம் ஓடிவிட்டு, நிறைந்ததும் அடங்கிவிட வேண்டும். எங்கள் வண்டியில் அது இரவு முழுவதும் ஓடி, காலையிலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எனவே விசிறியைக் குறை சொல்வதற்கு முன், கன்வெர்ட்டர் எவ்வளவு மின்னோட்டம் தந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் தேவை. மலிவாகக் கிடைக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏ.சி.யை மட்டுமே அளப்பவை, டி.சி. ஒயரில் மாட்டினால் சுழியத்தைக் காட்டி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றிவிடும்.

காலையில், இரவெல்லாம் சார்ஜ் ஆன பிறகு, கன்வெர்ட்டரின் வெளியீட்டு ஒயரில் 18 ஆம்பியர் ஓடியது. எரிந்துகொண்டிருந்த விளக்குகளுக்கு 2 ஆம்பியர் போக, மீதி 16 ஆம்பியரும் பேட்டரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 200 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுதி நிறைந்த பிறகு ஓரிரு ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. வோல்டேஜும் அதையே சொன்னது: நிறைந்த பேட்டரியை 13.6 வோல்ட் அளவில் தக்கவைக்க வேண்டிய கன்வெர்ட்டர், இன்னும் 14.4 வோல்ட்டிலேயே நின்றது. மின்னோட்டம் குறைந்தால்தான் அது அடுத்த கட்டத்துக்கு இறங்கும். மின்னோட்டம் குறையவே இல்லை.

அடுத்து, ஒவ்வொரு பேட்டரியின் ஒயரிலும் தனித்தனியாக கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். ஒன்றில் 1 ஆம்பியர், மற்றொன்றில் 15. இரண்டாவது பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டால் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. காதை அருகே கொண்டுபோனால் உள்ளே களகளவென்று குமிழி விடும் சத்தமும் கேட்டது. இரவில் கேட்ட இரைச்சலுக்கு அடியில் மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்த ஒலிகளில் இதுவும் ஒன்று. எல்லாவற்றையும் துண்டித்து, இரண்டு பேட்டரிகளையும் பிரித்து, அரை நாள் ஓய்வுக்குப் பிறகு அளந்தபோது, முதல் பேட்டரி 12.7 வோல்ட்டும் இரண்டாவது 10.6 வோல்ட்டும் காட்டின. லெட்-ஆசிட் பேட்டரியில் ஆறு செல்கள்; நிறைந்த செல் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஒரு செல் செத்துப்போனால் மிஞ்சும் ஐந்து செல்களும் சேர்ந்து ஏறக்குறைய 10.5 வோல்ட்தான் தரும். மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீட்டரால் அளந்ததில், ஐந்து செல்களில் அமிலக் கரைசலின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.26க்கு மேல் இருக்க, ஓரத்தில் இருந்த செல் மட்டும் 1.1 அளவில் கிடந்தது. அந்தச் செல்லுக்குள் தகடுகள் ஷார்ட் ஆகியிருந்தன.

விசிறி ஏன் நிற்கவில்லை என்பதன் கணக்கு இங்கே தெளிவாகிறது. கன்வெர்ட்டர் தரும் 14.4 வோல்ட்டை ஆறு செல்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 2.4 வோல்ட், அந்த அளவிலேயே வாயு வெளிப்பட ஆரம்பிக்கும். ஐந்து செல்கள் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2.88 வோல்ட். அந்த வோல்டேஜில் பேட்டரி சார்ஜை ஏற்பதில்லை; உள்ளிருக்கும் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடிய கலவை உருவாகிவிடும் என்பதால், படுக்கைக்கடியில் மூடிய பெட்டிக்குள் இது நடப்பதை வெறும் சத்தப் பிரச்சினையாகக் கருத முடியாது. அழுகிய முட்டையின் நாற்றம் சேர்ந்து வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வருகிறது என்று பொருள். அப்போது சார்ஜரை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

கெட்ட பேட்டரியை மட்டும் மாற்றிப் புதியதோடு பழையதை இணைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. இணையாகப் பூட்டப்படும் பேட்டரிகள் ஒரே வயதும் ஒரே வகையும் ஒரே கொள்ளளவும் கொண்டவையாக இருப்பதே நல்லது. பழையதும் தினமும் அளவுக்கு மீறிய சார்ஜை வாங்கி நொந்துபோயிருந்தது. எனவே இரண்டையும் மாற்றினேன். ஒயர்களையும் குறுக்காகப் பூட்டினேன்: பாசிட்டிவை ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை மற்றொன்றிலிருந்தும் எடுத்தால், இரண்டும் ஏறக்குறையச் சமமாக உழைக்கும். ஒரே பேட்டரியின் இரு முனைகளிலிருந்து எடுத்தால் முதலாவது எப்போதும் கூடுதலாகத் தேயும். பழைய அமைப்பு அப்படித்தான் இருந்தது.

பேட்டரிகள் மாறியதும் விசிறி சார்ஜின் முதற்கட்டத்தில் மட்டும் ஓடிவிட்டு நின்றுவிட்டது. ஆனால் ஓடும்போது வந்த கடகடப்பு குறையவில்லை. அது விசிறியின் பேரிங். கன்வெர்ட்டரைத் திறக்கும் முன் வெளி இணைப்பைப் பிடுங்கி, சூரியத் தகட்டின் இணைப்பைத் துண்டித்து, அதன்பின் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். சூரியத் தகடு இருக்கும் வண்டிகளில் இந்த வரிசை முக்கியம். பல சார்ஜ் கன்ட்ரோலர்கள் பேட்டரி இல்லாமல் தகட்டோடு மட்டும் இணைந்திருப்பதைத் தாங்குவதில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் சார்ஜோடு இருக்கும். 230 வோல்ட் ஏ.சி. டி.சி.யாக மாறும்போது அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். அதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பத்து நிமிடம் காத்திருந்து, மல்டிமீட்டரை வைத்து அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகே கையை உள்ளே விட்டேன்.

உள்ளே, வெப்பத்தை வெளியே கடத்தும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையில் தூசும் முடியும் கம்பளம்போல் படிந்திருந்தன. பிரஷ்ஷால் தளர்த்தி, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். காற்றடிக்கும்போது விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது தன் வேகத்துக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுப்பதோடு, ஜெனரேட்டர்போல் மின்சாரத்தையும் பின்னோக்கி அனுப்பும். பழைய விசிறியின் இறக்கையை மேலும் கீழும் அசைத்தால் அச்சு ஆடியது கண்ணுக்கே தெரிந்தது. 80 மில்லிமீட்டர், 12 வோல்ட், புஷ் வகை பேரிங். அதே அளவில், அதே ஆம்பியரில், பால் பேரிங் உள்ளதை வாங்கிப் பொருத்தினேன். விசிறியின் சட்டத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். ஒன்று சுழலும் திசை, மற்றது காற்று போகும் திசை. பழையது காற்றை வெளியே தள்ளியதா உள்ளே இழுத்ததா என்று கழற்றும் முன்பே குறித்துக்கொள்வது நல்லது.

“சத்தமில்லா விசிறி” என்று விற்கப்படுவதை வாங்கச் சொன்னவர்களும் உண்டு. அவற்றில் பல, காற்றைக் குறைத்துத்தான் சத்தத்தைக் குறைக்கின்றன. 45 ஆம்பியரை 13.6 வோல்ட்டில் தரும்போது கன்வெர்ட்டரின் வெளியீடு 612 வாட். அதன் திறன் 85 சதவீதம் என்று கொண்டால், உள்ளே செல்வது 720 வாட். மீதி 108 வாட் முழுவதும் அந்தச் சிறிய பெட்டிக்குள் வெப்பமாகத் தேங்கும். காற்றோட்டத்தைப் பாதியாக்கிவிட்டு அமைதியாகத் தூங்கினால், கெபாசிட்டர்களின் ஆயுள்தான் குறையும். விசிறிக்கு ரெசிஸ்டர் போட்டு வேகத்தைக் குறைப்பதும் இதே கதைதான். அதைவிட, கட்டிலுக்கடியில் பெட்டியின் காற்றுத் துளைகளை மறைத்து அடுக்கியிருந்த துணிப்பைகளை வேறிடத்துக்கு மாற்றியது நல்ல பலன் தந்தது. விசிறி ஓடும் நேரமே குறைந்துவிட்டது.

கன்வெர்ட்டர், கட்டிலின் மெல்லிய பிளைவுட் பலகையில் நேரடியாகத் திருகப்பட்டிருந்தது. விசிறி ஓடும்போது பலகையை உள்ளங்கையால் அழுத்தினால் சத்தம் சட்டென்று குறைந்தது. தம்புராவின் குடம் தந்தியின் ஒலியைப் பெருக்குவதுபோல், அந்தப் பலகை சிறு அதிர்வையும் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. திருகுகளுக்கிடையில் ரப்பர் புஷ்களைப் போட்டு, பலகைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்ததும் அது அடங்கியது. இதில் கவனிக்க வேண்டியது எர்த். உலோகத் தளத்தில் பூட்டப்பட்ட பெட்டிகளில் சிலர் திருகையே எர்த் இணைப்பாக நம்பி விட்டிருப்பார்கள். ரப்பர் நடுவில் வந்தால் அந்த இணைப்பு போய்விடும். பச்சை-மஞ்சள் ஒயர் தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ரப்பரைப் போட வேண்டும்.

அடுத்தது அந்த 100 ஹெர்ட்ஸ் உறுமல். குழாய் வைத்துக் கேட்டதில் அது டிரான்ஸ்ஃபர் ரிலே பெட்டியிலிருந்து வந்தது. சாதாரண நேரத்தில் சீராக உறுமிக்கொண்டிருந்த பெட்டி, மின்சாரக் கெட்டிலைப் போட்டதும் படபடவென்று அடித்துக்கொண்டது. இந்த இரண்டுக்கும் காரணங்கள் வேறு. அந்தப் பெட்டிக்குள் ரிலேயாக வேலை செய்வது கான்டாக்டர் என்ற காந்த சுவிட்ச். அதன் காயில் (கம்பிச்சுருள்) ஏ.சி.யில் இயங்கினால், காந்தத்தின் இழுவிசை நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொட்டு மீளும். அந்த நொடித்துளிகளில் பிடிமானம் விடாமல் இருக்க, காந்த முகத்தில் ஒரு செம்பு வளையம் பதித்திருப்பார்கள். வளையம் உடைந்தாலோ, முகங்களுக்கிடையில் தூசோ துருவோ சேர்ந்து இடைவெளி விழுந்தாலோ, சீரான உறுமல் வரும். படபடப்பு என்றால் காயிலுக்குக் கிடைக்கும் வோல்டேஜே நிலையில்லாமல் இருக்கிறது என்று பொருள்.

கெட்டில் ஓடும்போது அளந்து பார்த்தேன். மூடி திறந்த பெட்டியில் மின்சாரம் இருக்கும்போது அளப்பது பயிற்சி இல்லாதவர் செய்யக்கூடிய வேலை அன்று. எலக்ட்ரீஷியனை அழைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. வண்டியின் நுழைவில் வோல்டேஜ் 226லிருந்து 221 வரை மட்டுமே இறங்கியது. ரிலேயின் முனையிலோ 200க்குக் கீழே விழுவதும் எழுவதுமாக ஆடியது. கெட்டிலை உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்ததில், நியூட்ரல் ஒயரின் திருகு விரலாலேயே சுழன்றது. அருகிலிருந்த இன்சுலேஷன் பழுப்பேறி, கெட்டியாகி, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. பல இழை ஒயரை அப்படியே திருகுக்கடியில் நுழைத்து முறுக்கியிருந்தார்கள். வண்டியின் குலுக்கலில் இழைகள் நசுங்கித் தளர, தளர்ந்த இடம் சூடேற, சூட்டில் மேலும் தளர என்று போயிருக்கிறது.

ஒயரை, செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டியெடுத்து, இழைகளை ஒன்றாகக் கவ்வும் சிறு உலோகக் குழாயான ஃபெருலை முனையில் அழுத்திப் பொருத்தினேன். இழைகளை ஈயம் வைத்து ஒன்றாக்கிவிட்டுத் திருகுவது பலரும் செய்வதுதான். ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல இளகி நகரும், சில மாதங்களில் திருகு மறுபடி தளரும். முனையின் பிளாஸ்டிக்கே உருகியிருந்ததால் கான்டாக்டரையும் மாற்றினேன். காந்த முகங்களை உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம் என்ற யோசனையை அதோடு விட்டுவிட்டேன். புதியதன் திருகுகளை, அதன் மேலேயே அச்சிட்டிருந்த முறுக்கு அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினேன். பெட்டியிலிருந்த மற்ற எல்லாத் திருகுகளையும் பார்த்ததில், மேலும் ஒன்று கால் சுற்று இறங்கியது. இப்போது கெட்டில் ஓடும்போதும் நுழைவுக்கும் ரிலேவுக்கும் இடையே 1 வோல்ட்கூட வித்தியாசம் இல்லை. நீண்ட சாலைப் பயணங்களுக்குப் பிறகு இந்தத் திருகுகளை மறுபடி பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மேசை விசிறி கரகரத்ததற்குப் பழுது எதுவும் காரணமில்லை. இந்த இன்வெர்ட்டர், வெளி மின்சாரத்தைப் போல் சீராக வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையைத் தராமல், படிக்கட்டு வடிவ அலையைத் தரும் மலிவு வகை. அதிலுள்ள உயர் அதிர்வெண்கள் மோட்டாரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கரகரக்க வைக்கின்றன. சற்றுக் கூடுதலாகச் சூடாக்கவும் செய்கின்றன. லேப்டாப் அடாப்டர் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இதில் வேறுபாடு தெரியாது. இங்கே ஓர் எச்சரிக்கை: இந்த அலையை மலிவான மல்டிமீட்டரால் அளந்தால் 230க்குப் பதிலாக 180 அளவில் காட்டி, இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வைக்கும். அத்தகைய மீட்டர் சராசரியை அளந்து, சைன் அலைக்கான 1.11 என்ற எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அலையின் வடிவம் எதுவானாலும் அதன் உண்மையான பயன் அளவைக் கணக்கிடும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர்தான் சரியான அளவைத் தரும். ஒரு மேசை விசிறிக்காக முழு சைன் இன்வெர்ட்டர் வாங்குவது வீண் என்று தோன்றியதால், 12 வோல்ட்டிலேயே நேரடியாக ஓடும் விசிறி ஒன்றை மாட்டிவிட்டேன். இன்வெர்ட்டரை இரவில் அணைத்துவிடுகிறோம். ஏதாவது சாதனம் போடப்பட்டிருக்கிறதா என்று விட்டுவிட்டுச் சோதிக்கும் ‘சுமை தேடும்’ நிலையில் அது எழுப்பிய டிக் டிக் ஒலியும் அதோடு போயிற்று.

தீராத ஒன்று வானொலி. மத்திய அலையில் நிலையங்களைத் திருப்பும்போது கன்வெர்ட்டரின் ஸ்விட்சிங் இரைச்சல் இன்னும் கேட்கிறது. டி.சி. வெளியீட்டின் பாசிட்டிவ், நெகட்டிவ் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் சில சுற்றுகள் சுற்றியதில் பெரும்பகுதி குறைந்தது. வலுக்குறைந்த நிலையங்களில் மட்டும் மிச்சமிருக்கிறது. அவற்றைக் கேட்கும்போது கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைத்துவிடுகிறேன். அந்த நேரத்துக்குப் புதிய பேட்டரிகள் போதும்.